ஓர் அசைவுக்கு எத்தனை ரூபாய்? கரன்சி வர்த்தகத்தில் டிக், பிப் மதிப்பைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஏற்றுமதி வியாபாரிகள் இரண்டு மூன்று பேருக்குக் கணக்கு எழுதுகிறேன். நிலாவாரை இலை, முருங்கை இலைப் பொடி, இந்த மாதிரிச் சரக்கு. தூத்துக்குடியில் கப்பல் ஏறும், பணம் டாலரில் வரும். அதனால் டாலர் இத்தனை பைசா அசைந்தால் கைக்கு வரும் ரூபாய் எவ்வளவு கூடும், குறையும் என்ற கணக்கு தினமும் என் மேசைக்கு வந்துவிடும். அதே கணக்கைப் பழக வணிகவியல் படித்த பையன்கள் சிலர் சாயங்காலம் வருவார்கள். ஒருவன் முதல் நாளே கேட்டான்: "அண்ணாச்சி, ஒரு பிப்புக்குப் பத்து டாலர்னுதான வீடியோல சொல்லுதாவ? எனக்கு ரெண்டரை ரூவாதான் காட்டுது. ஆப்பு தப்பா?"

ஆப்பும் சரி, வீடியோவும் சரி. (பிப், டிக் இரண்டும் விலை அசைவை அளக்கும் சின்ன அலகுகள். லாட் என்பது ஓர் ஒப்பந்தத்தில் அடங்கும் அளவு. ஜோடி என்பது ஒன்றுக்கொன்று விலை சொல்லப்படும் இரண்டு கரன்சிகள்.) பத்து டாலர் என்பது ஒரு குறிப்பிட்ட ஜோடிக்கு, ஒரு குறிப்பிட்ட லாட் அளவுக்குக் கிடைத்த விடை. பையன் விடையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான்.

கணக்கை எந்த வரிசையில் போட வேண்டும் என்பதைக் கீழே தருகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ரூபாய்க்கு மாற்றும் வேலையை முதலிலேயே செய்யப் போய்த்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். இங்கே வரும் விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை: 1 டாலர் 85 ரூபாய், 1 யூரோ 1.1000 டாலர், 1 டாலர் 150 யென். நீங்கள் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர், எக்ஸ்சேஞ்ச் தரும் ஒப்பந்த விவரத் தாள். இந்த மூன்றாவதைத்தான் யாரும் எடுத்து வைப்பதில்லை. லாட் அளவு, டிக் அளவு, விலை எத்தனை அலகுக்குச் சொல்லப்படுகிறது, கடைசி வர்த்தக நாள் எது என்று நான்கும் அதில் இருக்கும். வேறொருவர் சொன்ன எண்ணை வைத்துத் தொடங்கினால் கடைசிவரை அவருடைய கணக்கைத்தான் போடுவீர்கள்.

அப்புறம், உங்களுக்கு இந்த வர்த்தகம் செய்ய அனுமதி இருக்கிறதா என்பது. இந்தியாவில் குடியிருப்பவர் கரன்சி ஃபியூச்சர்ஸ் (பின்னொரு நாளில் தீரும் ஒப்பந்தத்துக்கு இன்றே விலை பேசி முடிப்பது) வாங்க, விற்க அங்கீகாரம் பெற்ற எக்ஸ்சேஞ்சுகள்தான் வழி. ரூபாயோடு சேர்ந்த நான்கு ஜோடிகள் உண்டு: டாலர், யூரோ, பவுண்டு, யென். ரூபாய் சேராதவை மூன்று: யூரோ-டாலர், பவுண்டு-டாலர், டாலர்-யென். ரூபாய் சேர்ந்த ஜோடிகளைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 5 தேதியிட்டு வெளியிட்டு, அதே ஆண்டு மே 3 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, உங்களுக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆதாரக் காகிதம் காட்டத் தேவையில்லை என்பதைச் சிலர் 'வரவு செலவே தேவையில்லை' என்று புரிந்துகொள்கிறார்கள். காகிதம் கேட்கமாட்டார்கள், அவ்வளவுதான். வரவு செலவு இருந்தே ஆக வேண்டும்.

வெளிநாட்டு ஆப்பில் மார்ஜின் (ஒப்பந்தத்துக்கு ஈடாக வைக்கும் முன்பணம்) கட்டி ஆடலாம் என்று யாராவது வந்தால், ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அப்படி மார்ஜின் அனுப்புவதற்கு ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் இடமில்லை. வீடியோக்களில் சொல்லும் பத்து டாலர் பிப் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கணக்கு.

## 2. ஜோடியை இடமிருந்து வலமாக வாசியுங்கள்

யூரோ-டாலர் 1.1000 என்றால் ஒரு யூரோவுக்கு 1.1000 டாலர். முதலில் இருப்பது சரக்கு, இரண்டாவது அதற்குக் கொடுக்கும் காசு. வாழைத்தாருக்கு ரூபாய் கொடுப்பது போல, இங்கே யூரோவுக்கு டாலர் கொடுக்கிறீர்கள்.

தார் விலை 20 ரூபாய் ஏறினால் லாபம் ரூபாயில் நிற்கும், தாரில் நிற்காது. அதேபோல் விலை அசைவின் மதிப்பு எப்போதும் இரண்டாவது கரன்சியில்தான் பிறக்கும். யூரோ-டாலரில் டாலராக, டாலர்-யென்னில் யென்னாக, டாலர்-ரூபாயில் ரூபாயாக. மற்றதெல்லாம் அதற்குப் பின் செய்யும் மாற்றம்.

இதைப் படித்ததும் தலையாட்டிவிட்டு ஆறாவது படியில் மறப்பது வழக்கம். அதனால் நோட்டில் ஜோடியை எழுதி இரண்டாவது கரன்சியை வட்டமிடச் சொல்கிறேன். சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும். இருக்கட்டும், வட்டமிடுங்கள்.

## 3. எது ஓர் அசைவு என்று தீர்மானியுங்கள்

இங்கே மூன்று சொற்கள் கலந்து ஓடும்.

பிப் என்பது வழக்கில் உள்ள அலகு. பெரும்பாலான ஜோடிகளில் நான்காவது தசம இடம், அதாவது 0.0001. யென் இரண்டாவதாக வரும் ஜோடிகளில் இரண்டாவது தசம இடம், 0.01. ஒரு டாலருக்கு 150 யென் என்று பெரிய எண்ணாக விலை ஓடுவதால் நான்கு இடம் வரை போகத் தேவைப்படவில்லை.

டிக் என்பது எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் மிகச் சிறிய விலைப் படி. டாலர்-ரூபாயிலும் மற்ற மூன்று ரூபாய் ஜோடிகளிலும் அது 0.0025 ரூபாய். பைசாவில் சொன்னால் கால் பைசா. 85.1275-க்கு அடுத்த விலை 85.1300, நடுவில் எதுவும் கிடையாது. (பழைய வாய்ப்பாட்டில் ஒரு முந்திரி 320-ல் ஒரு பங்கு. நம் டிக் 400-ல் ஒரு பங்கு, முந்திரியைவிடச் சின்னது. மாகாணியும் அரைக்காலும் மனக்கணக்காகச் சொன்ன பெரியவர்கள் இருந்திருந்தால் ஆப்பே வேண்டியிருக்காது.)

பைசா என்பது இங்கே எல்லோரும் பேசும் அலகு. "டாலர் இன்னிக்கு பன்னிரண்டு பைசா இறங்கிருக்கு" என்பார்கள். ஒரு பைசாவில் நான்கு டிக்.

ரூபாய் ஜோடிக்கு டிக்கும் பைசாவும் போதும். பிப் என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள். 0.0001 ரூபாய் அசைவு நம் எக்ஸ்சேஞ்சில் நடக்காது. நடக்காத அசைவுக்கு மதிப்புக் கணக்கிட்டு என்ன செய்ய? ரூபாய் சேராத மூன்று ஜோடிகளில் பிப்பும் டிக்கும் ஒன்றுதான்: யூரோ-டாலர், பவுண்டு-டாலரில் 0.0001, டாலர்-யென்னில் 0.01.

வெளிநாட்டு வரைபடங்களில் 1.10005 என்று ஐந்தாவது இலக்கமும் ஓடும். அது பிப்பில் பத்தில் ஒரு பங்கு. அதையே பிப் என்று எண்ணினால் 4 பிப் அசைவு 40 பிப்பாகத் தெரியும். கடைசி இலக்கத்தைக் கணக்கில் எடுக்காமல், புள்ளிக்குப் பின் நான்காவது இடம் எது என்று விரல் வைத்து எண்ணுங்கள்.

## 4. லாட் அளவைத் தாளில் பார்த்து எழுதுங்கள்

நெல்லுக்குக் கோட்டை என்று அளந்த காலத்தில் நம் பக்கம் கோட்டைக்கு 21 மரக்கால். ஆனால் மரக்காலே ஊருக்கு ஊர் மாறும். 'பத்துக் கோட்டை' என்று மட்டும் சொன்னால் எந்த ஊர் மரக்கால் என்ற கேள்வி வரும். லாட்டும் அப்படித்தான்.

வெளிநாட்டுப் பாடங்களில் ஒரு லாட் 1,00,000 அலகு. நம் எக்ஸ்சேஞ்சில் டாலர், யூரோ, பவுண்டு ஒவ்வொன்றும் லாட்டுக்கு 1,000. ரூபாய் சேராத மூன்றிலும் முதல் கரன்சியில் 1,000. யென்-ரூபாய்க்கு மட்டும் 1,00,000 யென்.

திரையில் எண்ணிக்கை என்ற கட்டத்தில் 1 என்று போட்டால் அது ஒரு லாட்டா, ஒரு டாலரா என்பதை ஆர்டர் போடும் முன் பாருங்கள். ஆயிரம் டாலர் என்று நினைத்து 1000 என்று தட்டினால், அது லாட்டாக எடுக்கப்படும் இடத்தில் 10 லட்சம் டாலராகிவிடும். மார்ஜின் போதாமல் ஆர்டர் திரும்பும் என்பதுதான் ஆறுதல்; கணக்கில் பணம் நிறைய இருப்பவருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

## 5. பெருக்குங்கள், மாற்றாதீர்கள்

இப்போது ஒரே ஒரு பெருக்கல்.

அசைவு × லாட் அளவு = இரண்டாவது கரன்சியில் மதிப்பு

டாலர்-ரூபாய்: 0.0025 × 1,000 = 2.50 ரூபாய். பையன் பார்த்த ரெண்டரை ரூபாய் இதுதான். ஒரு பைசாவுக்கு 10 ரூபாய், பத்துப் பைசாவுக்கு 100 ரூபாய். யூரோ-ரூபாய், பவுண்டு-ரூபாய்க்கும் இதே.

யூரோ-டாலர்: 0.0001 × 1,000 = 0.10 டாலர்.

டாலர்-யென்: 0.01 × 1,000 = 10 யென்.

வீடியோவின் பத்து டாலர்: 0.0001 × 1,00,000 = 10 டாலர். யூரோ-டாலருக்கும், டாலர் இரண்டாவதாக வரும் மற்ற ஜோடிகளுக்கும் மட்டும் சரி. அதே பெரிய லாட்டில் டாலர்-யென் எடுத்தால் 0.01 × 1,00,000 = 1,000 யென்; அதை 150-ஆல் வகுத்தால் 6.67 டாலர்தான். யென் விலை 140-க்கு வந்தால் 7.14 டாலர். 'ஒரு பிப் பத்து டாலர்' அங்கேயே உடைந்துவிடுகிறது.

யென்-ரூபாய்தான் ஆளைக் கவிழ்க்கும் இடம். லாட் 1,00,000 யென், டிக் 0.0025. பெருக்கினால் 250 ரூபாய் வருகிறதே என்று அப்படியே எழுதிவிடுவார்கள். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அந்த ஜோடியின் விலை 100 யென்னுக்குச் சொல்லப்படுகிறது. திரையில் 56.67 என்றால் நூறு யென் 56.67 ரூபாய். ஆகவே லாட்டில் இருப்பவை ஆயிரம் 'நூறு யென்'கள். 0.0025 × 1,000 = 2.50 ரூபாய். மற்ற ரூபாய் ஜோடிகளைப் போலவே வந்து நிற்கிறது.

இந்தப் படியில் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: லீவரேஜ், அதாவது சின்ன முன்பணத்தில் பெரிய ஒப்பந்தம் எடுப்பது, எங்கே? ஒரு லாட் டாலரின் மொத்த மதிப்பு 85,000 ரூபாய். அதில் சிறு சதவீதத்தை மார்ஜினாக வைத்தால் போதும். ஆனால் டிக் மதிப்பு நீங்கள் வைத்த மார்ஜினைப் பார்ப்பதில்லை. முழு 1,000 டாலரைத்தான் பார்க்கிறது. இரண்டாயிரம் வைத்தாலும் இருபதாயிரம் வைத்தாலும் கால் பைசாவுக்கு ரெண்டரை ரூபாய்தான். மார்ஜின்தான் நஷ்டத்தின் எல்லை என்று நினைப்பவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

## 6. இப்போது ரூபாய்க்கு மாற்றுங்கள்

ரூபாய் ஜோடி என்றால் இந்தப் படி கிடையாது. ஏற்கெனவே ரூபாயில்தான் இருக்கிறது, அடுத்ததற்குப் போங்கள்.

யூரோ-டாலரில் கையில் இருப்பது 0.10 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 8.50 ரூபாய். டாலர் 86 ஆனால் 8.60. யூரோ-டாலர் விலை அசையாமல் இருந்தாலும் உங்கள் பிப்பின் ரூபாய் மதிப்பு மாறும். போன மாதம் எழுதி வைத்த எண் இந்த மாதம் செல்லாது.

மாற்றும்போது எந்த விலையால் பெருக்குவது என்பதில் ஒரு தடுமாற்றம் உண்டு. யூரோ-டாலர் வர்த்தகம்தானே என்று 1.1000-ஆல் பெருக்குவார்கள், சிலர் யூரோ-ரூபாய் விலையை எடுப்பார்கள். இரண்டாவது படியில் வட்டமிட்டது எந்தக் கரன்சி? டாலர். டாலரை ரூபாயாக்க டாலர்-ரூபாய் விலைதான் வேண்டும். வட்டம் அதற்குத்தான்.

டாலர்-யென்னில் கையில் இருப்பது 10 யென். யென்னின் ரூபாய் மதிப்பைக் காண இரண்டு வழி. 85 ரூபாயை 150-ஆல் வகுத்தால் ஒரு யென்னுக்கு 0.5667 ரூபாய். அல்லது யென்-ரூபாய் விலையான 56.67-ஐ 100-ஆல் வகுக்கலாம். 10 × 0.5667 = 5.67 ரூபாய். நூறால் வகுக்க மறந்தால் 567 ரூபாய் வரும். ஒரு பிப்புக்கு 567 ரூபாய் என்று வந்ததுமே சந்தேகப்பட வேண்டும்: 1,000 டாலர் லாட்டில், 150-ல் 0.01 என்பது மிகச் சின்ன அசைவு. அதற்கு இவ்வளவு வராது. 85,000 ரூபாயை 15,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 5.67 தானாக வரும். இந்த மாதிரி எதிர்ப்பக்கமிருந்து ஒரு சரிபார்ப்பு போடும் பழக்கம் இல்லாதவரை ஆர்டர் போடவே வேண்டாம் என்பேன்.

## 7. விலை எவ்வளவு தூரம் போனது

தொடக்க விலையும் முடிவு விலையும் வேண்டும். டாலர்-ரூபாய் 85.1275-லிருந்து 85.2150-க்குப் போனது. வித்தியாசம் 0.0875.

முதல் வழி: 0.0875 ÷ 0.0025 = 35 டிக்; 35 × 2.50 = 87.50 ரூபாய்.

இரண்டாம் வழி: 0.0875 × 1,000 = 87.50 ரூபாய்.

இரண்டும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் தசமப் புள்ளி எங்கோ நழுவியிருக்கிறது. 0.0875-ஐ 875 என்று வாசித்து 875 டிக் என்று எழுதிய நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன.

யூரோ-டாலர் 1.1000-லிருந்து 1.1042: 42 பிப், 4.20 டாலர், 357 ரூபாய். டாலர்-யென் 150.00-லிருந்து 150.35: 35 பிப், 350 யென், சுமார் 198 ரூபாய். யூரோவில் 42, யென்னில் 35. பிப்பில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே தூரம். ரூபாயில் பாருங்கள், ஒன்று மற்றதன் பாதியைச் சற்றே தாண்டி நிற்கிறது. 'இன்னிக்கு நாப்பது பிப் எடுத்தேன்' என்ற பேச்சை வைத்து யார் அதிகம் சம்பாதித்தார் என்று சொல்லவே முடியாது.

## 8. செலவையும் டிக்காக மாற்றிப் பாருங்கள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் சின்ன ஆட்களுக்கு இதுதான் முக்கியம்.

ஓர் ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்று வைப்போம். வாங்க ஒன்று, விற்க ஒன்று, 40 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 7.20. மொத்தம் 47.20. இதை 2.50-ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 19 டிக். ஒரே ஒரு லாட் போடுபவருக்கு டாலர் கிட்டத்தட்ட 5 பைசா அவர் பக்கம் நகர்ந்தால்தான் போட்ட காசு திரும்பும்.

அதே 20 ரூபாய் தரகில் 18 லாட் போட்டால்? ஒரு டிக் 45 ரூபாய். 47.20 என்பது ஒரு டிக்குக்குக் கொஞ்சம் மேல். ஒரு லாட்டுக்கு இவ்வளவு என்று தரகு வாங்குபவரிடம் இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும், கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் தனி, ஆனால் சின்னவை.

ஸ்பிரெட்டையும் இங்கேயே சேருங்கள். வாங்குபவர் 85.1025, விற்பவர் 85.1100 என்று நின்றால் இடைவெளி மூன்று டிக். உடனே வாங்கி உடனே விற்றால் லாட்டுக்கு 7.50 ரூபாய் போய்விடும். முடியும் மாதம் தூரத்தில் இருக்கும் ஒப்பந்தங்களிலும், ரூபாய் சேராத ஜோடிகளிலும் ஆள் குறைவு, இடைவெளி அகலம். திரையில் தெரியும் கடைசி விலையை வைத்துக் கணக்குப் போடாமல், நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் விற்பவர் விலையை எடுங்கள், விற்கப் போகிறீர்கள் என்றால் வாங்குபவர் விலையை எடுங்கள்.

## 9. எத்தனை லாட் என்று முடிவு செய்யும் கணக்கு

ஏற்றுமதி பில் ஒன்றை வைத்துப் பார்ப்போம். நான் கணக்கு எழுதும் இடத்தில் நடந்ததுதான், எண்களை எளிதாக்கியிருக்கிறேன்.

நிலாவாரை இலை அனுப்பியாயிற்று. 18,400 டாலர் அடுத்த மாதம் வர வேண்டும். அன்று சந்தையில் ரொக்க டாலர் 85.05. மாதக் கடைசி ஃபியூச்சர்ஸ் 85.25. முதலாளிக்கு டாலர் இறங்கிவிடும் என்று பயம். ஃபியூச்சர்ஸை இப்போதே விற்று வைத்தால், டாலர் இறங்கும்போது அங்கே வரும் லாபம் பில்லில் போவதை ஈடுகட்டும்.

முதல் கேள்வி: பில்லில் ஒரு பைசா எவ்வளவு? 18,400 × 0.01 = 184 ரூபாய். ஃபியூச்சர்ஸில் ஒரு லாட்டுக்கு ஒரு பைசா 10 ரூபாய். 184-ஐ 10-ஆல் வகுத்தால் 18.4. அரைகுறை லாட் கிடையாது. 18 லாட் விற்கிறோம். 400 டாலர் காப்பில்லாமல் நிற்கிறது. 19 விற்றால் 600 டாலர் அளவுக்கு, இல்லாத வரவுக்கு விற்றதாகிவிடும். எப்போதும் கீழே இறக்கித்தான் முழு எண்ணாக்க வேண்டும். (மரக்கட்டை இறக்குமதி செய்பவருக்கு டாலர் செலவு, அவர் இதையே விற்பதற்குப் பதில் வாங்குவார். பெருக்கல் ஒன்றுதான்.)

மூன்று வாரம் கழித்து ரொக்க டாலர் 84.35, ஃபியூச்சர்ஸ் 84.42. பில்லில் போனது 0.70 × 18,400 = 12,880 ரூபாய். ஃபியூச்சர்ஸில் வந்தது 0.83 × 18,000 = 14,940 ரூபாய்.

வந்தது ஏன் கூடுதல் என்று கணக்குப் பையன் கேட்டான், நல்ல கேள்வி. தொடக்கத்தில் ஃபியூச்சர்ஸ் ரொக்க விலையைவிட 20 பைசா மேலே இருந்தது. இரண்டு நாட்டு வட்டி வித்தியாசத்தால் வரும் பிரீமியம் அது. முடிவு நாள் நெருங்க நெருங்க அது கரைந்து, இப்போது 7 பைசா. விற்றவருக்கு அந்த 13 பைசா கூடுதல் வரவு. வாங்கியவருக்கு அதுவே செலவு. ஆகவே ஒரு விலையை வங்கியிலிருந்தும் மறு விலையை ஃபியூச்சர்ஸ் திரையிலிருந்தும் எடுத்துக் கழிக்கவே கூடாது. பில்லுக்கு ரொக்க விலை இரண்டையும், ஃபியூச்சர்ஸுக்கு ஃபியூச்சர்ஸ் விலை இரண்டையும் எடுங்கள். வங்கி உங்கள் டாலரை எடுக்கும்போது தன் பங்கைக் கழிக்கும் என்பதும் தனியாக நிற்கட்டும்.

தாங்கக்கூடிய நஷ்டத்திலிருந்து லாட்டைக் காணும் கணக்கு இதன் தலைகீழ் (அப்போதும் முதல் படியில் சொன்ன வரவு செலவு இருந்தே ஆக வேண்டும்). தாங்கக்கூடியது 4,000 ரூபாய், ஸ்டாப் லாஸ் (விலை எதிராக இவ்வளவு போனால் வெளியேறிவிடுவது என்று வைக்கும் எல்லை) 40 பைசா தள்ளி. ஒரு லாட்டுக்கு 40 × 10 = 400 ரூபாய். 4,000 ÷ 400 = 10 லாட். தரகையும் ஸ்பிரெட்டையும் கழித்தால் 9 என்று வைப்பதுதான் யோக்கியம். பலர் முதலில் லாட்டைத் தீர்மானித்துவிட்டு, அப்புறம் ஸ்டாப் லாஸை அதற்குள் அடங்கும்படி நெருக்கிக்கொண்டு வருவார்கள். நான்கு பைசா தள்ளி வைத்த ஸ்டாப் லாஸ் காலையிலேயே அடிபட்டுவிடும்.

## 10. இடையில் போகும் பணத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

மேலே சொன்ன மூன்று வாரத்தில் நடுவில் ஒரு கட்டம் வந்தது. டாலர் இறங்குவதற்குப் பதில் ஏறியது. ஃபியூச்சர்ஸ் 85.25-லிருந்து 86.00. விற்றவர் நாம். 0.75 × 18,000 = 13,500 ரூபாய்.

இந்த நஷ்டம் முடிவு நாள் வரை காத்திருக்காது. ஒவ்வொரு நாளும் அன்றைய தீர்வு விலைக்குக் கணக்குத் தீர்த்து, வித்தியாசத்தை மறுநாள் எடுத்துவிடுவார்கள். ஐந்தாறு நாளில் 13,500 போனது. முதலாளி அழைத்தார். "ஏப்பா, பில்லுப் பணம் இன்னும் வரல. ஏறுன டாலரும் கைக்கு வரல. எங்கிட்ட இருந்து மட்டும் துட்டு போயிட்டே இருக்கே?"

அவர் கேட்டது நியாயம். பில்லில் கூடிய மதிப்பு காகிதத்தில் இருக்கிறது, ஃபியூச்சர்ஸ் நஷ்டம் ரொக்கமாகப் போகிறது. இரண்டும் சமன்தான், ஆனால் ஒரே நாளில் அல்ல. அந்த இடைவெளிக்குப் பணம் வைக்காமல், பயந்துபோய் மேலேயே திரும்ப வாங்கி முடித்திருந்தால், பின்னால் டாலர் இறங்கியபோது இரண்டு பக்கமும் அடி விழுந்திருக்கும். தவறு என் பக்கம்தான்: டிக் மதிப்பைச் சொன்ன நான், ஒரு ரூபாய் எதிராகப் போனால் 18,000 ரூபாய் கையில் வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒப்பந்தம் போடும் முன் நோட்டில் மூன்று வரி எழுதிவிடுகிறேன்: 25 பைசா எதிராகப் போனால், 50 போனால், ஒரு ரூபாய் போனால். 18 லாட்டுக்கு அது 4,500, 9,000, 18,000. மார்ஜின் இதில் சேராது, தனி.

கடைசி வர்த்தக நாளையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு, பகல் 12:30-க்கு முடிந்துவிடும். 'மாதக் கடைசி' என்று நினைத்து 30-ஆம் தேதிவரை பார்த்துக்கொண்டிருந்தால் ஒப்பந்தம் ரெஃபரன்ஸ் ரேட்டில் (அன்றைக்கு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்படும் விலை) தானாகத் தீர்ந்திருக்கும். ரூபாய் சேராத ஜோடிகளில் டாலரையோ யென்னையோ ரூபாயாக்குவதும் அன்றைய ரெஃபரன்ஸ் ரேட்டில்தான்; ஆறாவது படியில் நீங்கள் போட்டது தோராயம்.

## 11. ஒரு வாரம் காகிதத்தில்

பையன்களுக்கு நான் கொடுக்கும் வேலை இது. ஐந்து வேலை நாள், தினமும் மூன்று ஜோடி: டாலர்-ரூபாய், யென்-ரூபாய், யூரோ-டாலர். காலை 10 மணி விலை, மாலை 4 மணி விலை. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: ஜோடி, வட்டமிட்ட கரன்சி, டிக், லாட், இரண்டாவது கரன்சியில் மதிப்பு, ரூபாயில் மதிப்பு, அன்றைய தூரம், ஒரு லாட்டுக்கு லாபமோ நஷ்டமோ, தரகு போக மிச்சம்.

ரூபாய் ஜோடிகளின் டிக் மதிப்பு ஐந்து நாளும் 2.50 என்றே இருக்க வேண்டும். ஒரு நாள் மாறினால் உங்கள் கை தவறியிருக்கிறது. யூரோ-டாலரின் ரூபாய் மதிப்பு தினமும் சில்லறை அளவுக்கு மாற வேண்டும். ஐந்து நாளும் ஒரே எண் இருந்தால் முதல் நாள் எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள்.

ரெண்டரை ரூபாய்ப் பையன் இதை எழுதினான். மூன்றாம் நாள் வரியில் யென்-ரூபாய்க்கு 250 என்று போட்டு, தானே அடித்து, பக்கத்தில் 'நூறு யென்னுக்குத்தான் விலை' என்று சின்ன எழுத்தில் எழுதியிருந்தான். கடைசிப் பத்தியில், தரகு போக மிச்சம் என்ற இடத்தில், ஐந்து நாளில் நான்கு நாள் கழித்தல் குறி.